ஒரு மூட்டை ஜிந்தா சீப்பு

இந்தி சுத்தமாகத் தெரியாதவர்கள் அந்தமானில் நிம்மதியாக வாழ்ந்தார்கள். நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை. என்னைப் போல அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, எல்லாம் தெரியும் என்று நடமாடியவர்களால்தான் ஊருக்கே ஆபத்து.

அறுபதுகளின் கடைசி. கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரருடன் கப்பலேறி டாலிகஞ்சுக்குக் குடித்தனம் வந்திருந்தேன். அவருக்கு அரசாங்க உத்தியோகம். எங்களோடு இருந்த அவர் தங்கை வள்ளிக்கு டீச்சர் உத்தியோகம். எனக்கு, பக்கத்து வீட்டு பெங்காலி தீதியோடும் எதிர்வீட்டுத் தெலுங்கு அக்காவோடும் இந்தி பேசிப் பழகும் உத்தியோகம். (அவர்கள் இந்தியும் என்னுடையதைப் போலத்தான். மூன்று பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்வோம்.)

வள்ளிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் இன்ஜின் வேலை. கல்யாணத்துக்காக மெயின்லாண்டிலிருந்து வந்து இறங்கிய அவருடைய அம்மா, கப்பல் மயக்கம் தெளிவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"சுத்திச் சுத்தித் தண்ணி. இங்கன மனுசனுக்குப் பொழுது எப்படிப் போவும்? கல்யாணம் முடியட்டும், ரெண்டு பேரையும் அடுத்த கப்பல்லயே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

வள்ளியின் முகம் தொங்கிப்போனது. அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எப்படியாவது அவங்களுக்கு இந்த ஊரைப் பிடிக்க வச்சிருங்க."

கவலையை விடு, வரவேற்பு அலங்காரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கப்பலில் வருகிற மல்லிகை கருவாடாகத்தான் வந்து சேரும். அதனால் எல்லாம் தீவுச் சரக்கு. தென்னங்குருத்துத் தோரணம், தாழம்பூ, காட்டிலிருந்து பெரணி, மரத்தில் ஒட்டிக்கொண்டு பூக்கும் ஆர்க்கிட். மேடை விளிம்பில் மட்டும் மஞ்சள் மஞ்சளாக வாழைச் சீப்புகளை அடுக்கி, நடுநடுவே பூச்செருக வேண்டும். மனசுக்குள் அரண்மனையே கட்டிவிட்டேன்.

எதிர்த் தீவிலிருந்து பழமும் காய்கறியும் கொண்டுவரும் படகுக்காரர் பிர்ஜு. வாழைப்பழத்துக்கு 'கேலா' என்று எனக்குத் தெரியும். சீப்புக்கு இந்தி தெரியாது. பழம் விற்கிறவருக்குச் சீப்பு என்றால் புரியாதா என்ன?

"பையா, ஷாதிக்கு சஜானே கே லியே சீப்பு சாஹியே. படா படா. ஏக் போரா." கல்யாணத்தில் ஜோடிக்கப் பெரிய பெரிய சீப்பாக ஒரு மூட்டை!

"சீப்?" பிர்ஜுவுக்கு ஒரே சந்தோஷம். "ஜிந்தா யா காலி?"

ஜிந்தாவா, காலியா என்று கேட்கிறார். பூவன், மொந்தன் மாதிரி ஜிந்தாவும் ஒரு வாழை ரகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். காலி என்றால் இந்தியில் கறுப்பு. கறுத்த பழம் கல்யாணத்துக்கு ஆகுமா? (தமிழில் காலி என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிழைத்திருப்பேன். நான்தான் இந்தி தெரிந்தவளாயிற்றே!)

"ஜிந்தா! சப் ஜிந்தா!" என்றேன், கல்யாண வீட்டு அதிகாரத்தோடு.

வரவேற்பன்று மத்தியானம் மூட்டை கல்யாண ஹாலுக்கே வந்தது. அவிழ்த்தால் வாழைப்பழத்தைக் காணோம். உள்ளே முழுக்க சங்கும் சிப்பியும். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏட்டி, இந்தியில சீப்னா சிப்பி!"

இனிமேல் பழத்துக்கு எங்கே போவது? ஆனால் பாருங்கள், ஒவ்வொரு சங்கும் அப்படி ஓர் அழகு. இதுவும் தீவுச் சரக்குதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மேடை விளிம்பில் பெரணியைப் பரப்பி, சங்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆர்க்கிட்டை வாழைநாரால் கட்டினேன். ஜிந்தா விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வாழை ரகத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் விளக்கு போட்டதும் ஹாலே ஜொலித்தது. முன்வரிசையில் உட்கார்ந்த சம்பந்தியம்மா, "பரவால்லயே, நல்லாத்தான் ஜோடிச்சிருக்க" என்றார். மேடையிலிருந்து வள்ளி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா என் கையைச் சுரண்டினார். "ஏம்மா, அந்தப் பூ நகருதா, இல்ல எனக்குத்தான் தலை சுத்துதா?"

பார்த்தேன். பூ நகர்ந்தது.

"கப்பல்ல வந்த அலுப்பு, சம்பந்தியம்மா. அப்படித்தான் தெரியும்" என்று கூசாமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துப் பூவும் கிளம்பியது. சங்குக்கு அடியிலிருந்து கால்கள்! காலியான சங்குக்குள் குடியேறி, அதையே தூக்கிக்கொண்டு திரியும் நண்டுகள். பகலெல்லாம் உள்ளே முடங்கிக் கிடந்தவை, இருட்டியதும் பூவைச் சூடிக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டுவிட்டன. மேடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று குதித்தன. "கேக்டா! கேக்டா!" என்று பெங்காலி தீதி நாற்காலி மேல் ஏறினார். (நண்டுக்கு இந்தி என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.) கப்பல் இன்ஜினையே கழற்றி மாட்டும் மாப்பிள்ளை, மாலையோடு சோபாவின் மேல் நின்றார்.

ஒரு நண்டு நேராகப் போய் சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலை பார்டரைக் கவ்வியது. அவர் குனிந்து அதைச் சங்கோடு தூக்கி, முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். போச்சு, வள்ளியின் வேலை போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாரு செஞ்ச வேலை இது?"

விருந்துக்கு வந்திருந்த பிர்ஜு ஓடி வந்தார். "தீதி நே போலா! சப் ஜிந்தா போலா!"

"என்னது ஜிந்தா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "உசிரோட இருக்கதுன்னு அர்த்தம். எல்லாமே உசிரோட வேணும்னு இவ கேட்டாளாம். வாழைச் சீப்புன்னு நினைச்சு."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார். நண்டின் தலையிலிருந்த பூவைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வர, விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. ஹாலே சேர்ந்து சிரித்தது. மாப்பிள்ளை சோபாவிலிருந்து இறங்கி மெதுவாகக் கேட்டார். "அம்மா, அடுத்த கப்பலுக்கு டிக்கெட்..."

"கப்பலு கெடக்கட்டும்ல! வள்ளிப் பிள்ளைய இவ கையில விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நீங்க உங்க வேலையப் பாருங்க, நானும் இங்கனயே இருக்கேன். இவ இருக்கப்ப எனக்குப் பொழுது போவாமலா இருக்கும்?"

அடுத்த கப்பல் போனது, அதற்கடுத்ததும் போனது, அவர் போகவே இல்லை. வள்ளி ஹெட்மிஸ்ட்ரஸாகி ரிட்டயர் ஆகும்வரை அதே ஊரில்தான் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் அதற்குப்பின் எத்தனையோ கல்யாணம். ஒன்றில்கூட என்னை மேடைப் பக்கம் விட்டதில்லை. போன மாதம் வள்ளியின் பேத்திக்கு வரவேற்பு. மேடை முழுக்க பிளாஸ்டிக் பூ. நான் சும்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளி பின்னாலிருந்து வந்து என் காதில் கேட்டாள்:

"என்ன அண்ணி, இந்தப் பூவெல்லாம் இருக்குமா, இல்ல சாப்பிட்டுட்டுக் கிளம்பிருமா?"