வலையின் மறுமுனை

வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவனுக்கு முதலில் தெரியவருவது, அதைப் பேச ஊரில் ஒருத்தரும் இல்லை என்பதுதான். (கிரேக்கத்தை விடுங்கள். நண்பர்கள் என்னிடம் தமிழ் பேசுவதையே விட்டிருந்தார்கள். "வாங்க பாஸ்டர்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.)

ஏரியில் மீன்பிடிக்கிற எங்கள் ஊர், பசியாவரம். அந்த சர்ச்சில் எனக்கு முதல் பிரசங்கம் கிடைத்தது. இன்றோடு ஊர் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல சொல்லை எடுத்துப் போனேன்: 'சுனன்டிலம்பனொமாய்'. ஒட்டிச் செய்த வினைச்சொல். 'சுன்' என்றால் கூட, 'அன்டி' எதிர்ப்பக்கம், 'லம்பனொமாய்' பிடித்துக்கொள்வது. ஒருவன் தனியாகத் தூக்க முடியாததை எதிர்ப்பக்கம் வந்து கூடப் பிடிப்பது, அதாவது உதவுவது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். செய்து காட்டினால்தான் மனதில் நிற்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நைனாவின் (அப்பாவின்) வலையைக் கொண்டுவந்திருந்தேன். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக் கயிற்றை முன்வரிசையில் இருந்த சேகரிடம் நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்ச்.

"வா சேகர், புடி."

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"நா மாமா வலைல பங்குல கீறேன்டா. அவரு பாக்கசொல்ல ஒன் கயித்த புடிச்சா இன்னா நெனப்பாரு?"

எங்கள் ஊரில் மறுமுனையைப் பிடித்தவன் அந்த வலைக்குப் பங்காளி. பழைய பங்காளியை விட்டுவிட்டான் என்று அர்த்தம். ஏரிக்கரையில் பிறந்த எனக்கு இது மறந்து, கிரேக்கம் மட்டும் நினைவிருந்தது. கயிற்றை நீட்டிக்கொண்டே வரிசை வரிசையாகப் போனேன். எல்லாரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் எதிரில் பிடிக்க ஆள் இருந்தது. கடைசியில் நைனாவைப் பார்த்தேன்.

"நா ஒன் சித்தப்பனோட புடிக்கிறவன்டா. கீழ வைடா, வலய கிழிச்சிடப் போற!"

பதறிப் பின்வாங்கினேன். கால் வலையில் சிக்கி, கீபோர்டை இழுத்துக்கொண்டு விழுந்தேன். அது தானாகவே கல்யாணப் பாட்டு வாசிக்க ஆரம்பித்தது. என்னைத் தூக்கவும் யாரும் வரவில்லை, என்மேல் முழுக்க வலை கிடந்ததே! நானே உருவிக்கொண்டு எழுந்தேன். அழுகை வந்தது, இருமிச் சமாளித்தேன்.

இப்போது மீஞ்சூரில் தனி அறை. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்வாள்.

"இன்னாண்ணா, எதிர்ப்பக்கம் புடிக்க ஆள் வந்துச்சா?"

பின்னால் நைனா சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன். போனை வைத்ததும், துவைத்த போர்வையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்து மடிக்க ஆரம்பிப்பேன்.