கோ, வென்ட், கான்

"ஹி கோ" என்பதற்குப் பதிலாக "யூ கோ" என்று தணிகைவேல் சொல்லிவிட்டதால், தன் நண்பர் எங்கே என்று கேட்ட பெங்களூர்க்காரர் கோபத்தோடு அறையைக் காலி செய்துகொண்டு எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த முதலாளி சடகோபன் திட்டாமல் பேப்பரைப் புரட்டினார். இன்று திட்டாதவர் நாளைக்கு வேலையை விட்டே அனுப்பிவிடுவார் என்று தணிகைவேல் கணக்குப் போட்டார். சொந்த ஊரான நகரியில் அவருடைய பவர்லூம் நின்று நாளாகிவிட்டது. திருப்பதியில் இந்த லாட்ஜ் கவுன்டரும் போனால், மகள் ஹர்ஷினியின் படிப்பு அவ்வளவுதான்.

"வெர்புல தான் நைனா நீ உதை வாங்கினு வர்றே," என்றாள் ஹர்ஷினி. "ஒவ்வொண்ணுக்கும் மூணு ரூபம். கோ, வென்ட், கான். மொதல்ல அத்தை மனப்பாடம் பண்ணு."

மறுநாள் வேலைக்குப் போகும்போது ரயிலில் மனப்பாடம் செய்தார். அந்த மும்முரத்தில் ரேணிகுண்டாவில் வண்டி மாற மறந்து, மத்தியானம்தான் லாட்ஜுக்கு வந்து சேர்ந்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் சடகோபன்.

இனி ரயிலில் படிப்பதில்லை என்று முடிவு செய்து கவுன்டரிலேயே படித்தார். "கிவ், கேவ், கிவன்" என்று முணுமுணுத்தபடி புதுமணத் தம்பதிக்குச் சாவியைக் கொடுத்தார். அந்த அறையில் ஏற்கெனவே ஒரு பெரியவர் துண்டோடு நின்றிருந்தார். மாடியிலிருந்து மூன்று குரல்கள் அலறின.

இவ்வளவு பாடும் வீணில்லை என்று முதலாளிக்குக் காட்டியே ஆகவேண்டும். சடகோபன் போனில் இங்கிலீஷில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தார். தணிகைவேலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் பளிச்சென்று பிடிபட்டது.

"ஸோல்டு! செல், ஸோல்டு, ஸோல்டு!" என்று துள்ளி எழுந்தார். "ஐ அண்டர்ஸ்டுட், சார்!"

சடகோபன் முகத்தில் ரத்தமே இல்லை. போனை அணைத்தார்.

"எத்தினி நாளா?"

"டெய்லி பிராக்டிஸ், சார்!"

"நாளையிலேர்ந்து வராத."

தணிகைவேல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கண் கலங்கிவிட்டது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாவிடம் அப்படியே கொட்டித் தீர்த்தார்.

"வெர்பை இன்னும் நல்லாப் படிச்சிருந்தா வேலை நெலைச்சிருக்கும்மா."

கிருஷ்ணம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அட போப்பா! இந்த ஊர்ல தமிளும் தெலுங்கும் எல்லாருக்கும் தெரியுது. கூடப் பொறந்தவனுங்களுக்கும் பங்கு இருக்கற லாட்ஜை அவனுங்களுக்குத் தெரியாம விக்கறவரு ரகசியத்தை எதுல பேசுவாரு? இங்கிலீஷ் வராத ஆளுன்னுதானே உன்னிய இத்தினி வருசம் பக்கத்துல குந்த வெச்சினு இருந்தாரு!"