ஆமைக்கு ஒரு வரலாறு

அடுத்த திங்கட்கிழமைக்குள் ஒரு வரலாறு கிடைக்காவிட்டால் ஆமையை உடைத்துச் சாலையை அகலப்படுத்துவோம் என்று நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் என்கிற ஒரே குற்றத்துக்காக அது தினேஸ்வரியின் தலையில் விழுந்தது.

லகாட் ஊரைத் தாண்டி, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பின் முச்சந்தியில் பதினான்கு அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறது அந்தச் சிமெண்டு ஆமை. பக்கத்தில் கடலும் இல்லை, ஆறும் இல்லை. பின்னங்காலில் வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான் அடையாளம். தோட்டத்து ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் பிற்பாடு வந்தவர்கள். தினேஸ்வரிக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அவள் சறுக்கி விளையாடிய முதுகில் இப்போது அவள் மகள் சறுக்குகிறாள்.

தோட்டத்திலேயே பிறந்த அம்மா கலாதேவியைக் கேட்டாள். "உங்கப்பாவக் கேளு," என்றாள் அம்மா.

லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா பத்துமலையைக் கேட்டாள். "சாப்பிட்டியாம்மா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கோயில் தலைவர் நவமணிக்குச் சந்தேகமே இல்லை. "கூர்மாவதாரம்லா. அப்படியே எழுதும்மா."

எழுதி அனுப்பினாள். மறுநாளே ஆமையின் கழுத்தில் மஞ்சள் துணியும் எலுமிச்சை மாலையும் ஏறின. கழகத்து அதிகாரி விக்னேஸ்வரன் போன் செய்தார்.

"அனுமதியில்லாத கோயில்னா வெள்ளிக்கிழமையே உடைக்கணும், மிஸ்."

பதறிப்போய்த் துணியை அவிழ்த்துவிட்டு, உணவகம் நடத்தும் கமருதீனிடம் ஓடினாள்.

"எங்க வாப்பா கடைக்கு அடையாளமா வச்சது, தங்கச்சி," என்றார் அவர்.

அதையும் எழுதி அனுப்பினாள்.

"லைசென்ஸ் இல்லாத விளம்பரமா? அப்ப வியாழக்கிழமை," என்றார் விக்னேஸ்வரன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தாள் பக்கத்து வீட்டு சரளா. "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. போனா போவட்டும் அக்கா."

"உருப்பட்ட வீடு ஒண்ணு எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா, சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடியே.

புதன்கிழமை மதியம் விக்னேஸ்வரன் அளவு நாடாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "நாளைக்குக் காலையில மெஷின் வருது, மிஸ்."

தினேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு அதோட வரலாறு தெரியல சார். ஆனா அது இல்லாம இந்த எடத்துக்கு மொகமே இல்ல."

மகள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் பத்துமலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது லுமுட் கடற்கரைக்குப் போவ வேண்டிய ஆமை, தம்பி. செஞ்ச கம்பெனி லோரியில ஏத்திக்கிட்டு வந்தவன் நான். இங்க டயர் பஞ்சர். பாரத்த இறக்காம ஜாக்கி தூக்கல. தோட்டத்து ஆளுங்க டிராக்டர் வச்சு இறக்கிக் குடுத்தாங்க."

"அப்புறம் ஏத்த வேண்டியதுதானே, அண்ணே?"

"டயர மாத்திட்டுப் பார்த்தா லோரி சாவியக் காணோம். மூணு நாள் தேடினேன். மூணு நாளும் சோறு போட்டது இவங்க வீடு." சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "கம்பெனிக்காரன் வேற சாவி குடுத்து அனுப்பினான். அதுக்குள்ள லுமுட்டுக்கு வேற ஆமை போயிருச்சு. இத அங்கயே போட்டுட்டு வான்னுட்டான். அடுத்த தை மாசம் எங்களுக்குக் கல்யாணம். லோரிக்காரன் சாவியத் தொலைச்சேன்னு பெத்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

தினேஸ்வரி அழுவதை மறந்து அப்பாவையே பார்த்தாள். கல்லு மாதிரி இருக்கிற மனுசனுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

விக்னேஸ்வரன் பெருமூச்சு விட்டார். "நம்புறேன் அண்ணே. ஆனா ஃபைல்ல வைக்க ஒரு ஆதாரம் வேணும். கம்பெனி காகிதம் ஏதும் இருந்தா நானே நிறுத்திடுவேன்."

"கம்பெனிய மூடி இருவது வருசமாச்சு தம்பி."

சமையலறையில் டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கலாதேவி வந்து மேசைமேல் எதையோ வைத்தாள். மாவு ஒட்டிய பழைய சாவி. அதோடு ஒரு பித்தளை வில்லை. வில்லையில் லோரி எண்ணும், வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரமும் இருந்தன.

விக்னேஸ்வரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

பத்துமலை சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"அது தொலையல தம்பி," என்றாள் கலாதேவி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. "முதல் நாளே நாந்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."