பாட்டு எண் பலகை விவகாரம்

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே உங்கள் தங்கச்சி சுகம். எங்களோடு தங்கி வேலைக்குப் போய்வரும் உங்கள் மகள் சுகத்திலும் சுகம். நான் மட்டும் சுகமாக இல்லை. அதற்குக் காரணமே உங்கள் மகள்தான் என்பதால் மேற்கொண்டு உட்கார்ந்து வாசிக்கவும்.

நம் சபையின் இடது பக்கச் சுவரில், நீங்கள் தச்சு வேலையில் இருந்தபோது உங்கள் கையால் செய்து மாட்டிய பாட்டு எண் பலகை ஞாபகம் இருக்கும். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து எழுத்துப்பிழை திருத்திய நேரம் போக, இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அதில் எண்களைச் செருகுகிறவன் நான். மரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆறுக்கும் ஒன்பதுக்கும் நீங்கள் ஒரே மரச் சில்லைச் செய்து, தலைகீழாகத் திருப்பிக்கொள் என்று கொடுக்கப்போக, ஒரு கல்யாணத்தில் அறுபத்துநான்காம் பாட்டுக்குப் பதிலாகத் தொண்ணூற்றுநான்காம் பாட்டை, அதாவது அடக்க ஆராதனைப் பாட்டை, போட்டுவிட்டேன். பெண் கண்ணைத் துடைத்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மீதிச் சரணங்களையும் பாடி முடித்தோம். அந்தத் தம்பதிக்கு இப்போது மூன்று பிள்ளைகள், ஒரு குறையும் இல்லை.

இப்படிப்பட்ட பலகைக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற உங்கள் மகள் பல்லோடு நிற்காமல், சபைக் கூட்டத்தில் எழுந்து, "பாட்டும் ஜெபமும் திரையில பெரிசா வந்தா எல்லாரும் தலை நிமிர்ந்து பாடலாம் மாமா" என்று என்னைப் பார்த்தே சொன்னாள். கை தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கியது யார் தெரியுமா? உங்கள் தங்கச்சி! முப்பத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தூக்கினாள். வாராவாரம் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவளுக்குத் திரை ஒரு கேடா? ஏன் தூக்கினாய் என்று நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. நாலு வாரம் வைத்துப் பார்ப்போம், பிடித்திருந்தால் பலகையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் திரையை நிரந்தரமாக மாட்டுவோம் என்று தீர்மானமாயிற்று.

போன ஞாயிறு நாலாவது வாரம். அன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். பாவ அறிக்கை ஜெபம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நம் சபையார் எப்படி? தடித்த எழுத்தில் எது இருந்தாலும் சேர்ந்து வாசித்துவிடுவார்கள், ஜெபப் புத்தகத்தில் சபை சொல்ல வேண்டியது தடித்த எழுத்தில் இருப்பதால் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். திடீரென்று ஜெபத்தின் நடுவே, திரையை ஓட்டும் மடிக்கணினியின் அறிவிப்பு ஒன்று தடித்த எழுத்தில் வந்தது. "மின்சக்தி பத்து சதவீதமே உள்ளது. உடனடியாக இணைக்கவும்" என்று சபை முழுவதும் ஒரே குரலில், நல்ல பயபக்தியோடு வாசித்தது. கண்ணை மூடியிருந்த போதகர் பழக்க தோஷத்தில், "ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்" என்றார். அறிவிப்பின் அடியில் இருந்த பொத்தானையும் விடாமல், "பிறகு நினைவூட்டு" என்றது சபை. அதோடு விட்டதா? அடுத்த பாட்டில் 'கண்ணீரோடே துதித்தோம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கண்ணீரோடே குதித்தோம்' என்று வந்தது. இடி என்று நாம் கூப்பிடும் பாடகர் குழுத் தலைவர், தன் தொண்டையில் ஒரு சொட்டுச் சந்தேகமும் இல்லாமல், அதை இரண்டு தரம் இழுத்துப் பாடினார். மெய்ப்புப் பார்த்த உடம்பு மச்சான் இது, நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மூன்றாம் பாட்டின் முதல் சரணம் முடிந்ததும் மின்சக்தி உள்ளபடியே தீர்ந்து திரை இருட்டாகிவிட்டது. அத்தனை பேரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். என் நெஞ்சு நிறைந்துபோனது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கோபத்தில் நாலு வாரமாக நான் எண்ணை மாற்றவில்லை. போன மாதம் நம் சபைத் தையற்காரர் ஒருவரின் அடக்கத்துக்குப் போட்ட தொண்ணூற்றுநான்கு அப்படியே இருந்தது. இடி அதைப் பார்த்து எடுத்துவிட்டார், சபையும் மனப்பாடமாகப் பாடிவிட்டது. குழந்தை அழவே இல்லை, நன்றாகத் தூங்கிற்று. உங்கள் தங்கச்சி மட்டும் முதல் சரணத்தோடு குரலை நிறுத்திவிட்டு வாயை வெறுமே அசைத்துக்கொண்டிருந்தாள். என்மேல் கோபம் போலிருக்கிறது.

வரும் சனிக்கிழமை கூட்டம். பலகையைச் செய்தவர் நீங்கள், பெண்ணைப் பெற்றவரும் நீங்கள். வந்து நாலு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லவும். உங்கள் மூட்டுவலியைக் கர்த்தர் தொட்டு, பஸ் படி ஏறும் அளவுக்காவது பெலன் தரும்படி ஜெபிக்கிறேன். அக்காவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத,
பலகைக்காரன்

பி.கு.: உறையில் போடுமுன், உறைக்கட்டும் என்று கடிதத்தை உங்கள் தங்கச்சியிடம் கொடுத்தேன். தூரத்தில் பிடித்தாள், கிட்டே பிடித்தாள், பிறகு "நீங்களே வாசிங்க" என்றாள். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது.

"நாலு வருஷமாச்சுங்க, கிட்ட இருக்கிற எழுத்தெல்லாம் கரைஞ்சு போயி. கண்ணாடி மாத்தியும் சரியாகலை. முதல் சரணம் மனப்பாடம், அப்புறம் வாயசைப்புதான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வாழ்நாள் பூரா எழுத்தையே பார்த்த மனுஷன்கிட்ட, எனக்கு எழுத்து தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

உங்கள் மகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. திரை கேட்டதே அவள் அத்தைக்காகத்தானாம். இந்த நாலு வாரமாகத்தான் உங்கள் தங்கச்சி கடைசிச் சரணம் வரை பாடியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற நான் 'குதித்தோம்' மட்டும் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம். பலகையை நானே ஏணி போட்டு இறக்குகிறேன். இனிமேல் நான் மெய்ப்புப் பார்க்காமல் ஒரு வரிகூடத் திரைக்குப் போகாது என்று உங்கள் மகளோடு ஒப்பந்தமும் ஆகிவிட்டது.

பின்குறிப்பை மட்டும் ஏன் இத்தனை கொட்டை எழுத்தில், நாலு தாளுக்கு எழுதியிருக்கிறேன் என்று யோசிப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி வாசித்துக்கொண்டே வருகிறாள். இரண்டாம் தாளில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறதாம்.