மணம்: குறிப்பிடும்படி இல்லை

ஒரு படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தால் அதில் இருப்பது உண்மை என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் நம்பியவன் நான். அப்படி நம்புவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம்பியதை மெச்சிக் கண்காணிப்பாளராகவும் ஆக்கினார்கள். பெரும்பகுதி மனுக்கள் பிரிவில். ஒரு மனு எந்த இடத்தில் செத்துப்போகும் என்பது எனக்கு அத்துப்படி. தேதி இல்லாமல் சாகும், இணைப்பு இல்லாமல் சாகும், 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று பொதுவாகக் கெஞ்சியே சாகும். நான் எழுதிக் கொடுத்த மனு ஒன்றுகூட அப்படிச் செத்ததில்லை. ஒன்றாவது செத்திருக்கலாம்.

ஓய்வு பெற்றபின் அல்லிநகரத்து வீட்டு மொட்டை மாடியில் செடி வளர்க்க ஆரம்பித்தேன். ரோஜா, மல்லி அல்ல. அவற்றை ஊரே வளர்க்கிறது. எனக்கு வேண்டியது யாரிடமும் இல்லாத செடி. (வேலையில் இருந்தபோது யாரிடமும் இல்லாத பழைய அரசாணைகளைச் சேர்த்தவன். வியாதி அதேதான், மண் மட்டும் கூடுதல்.) அரிய செடி சேர்ப்பவர்களின் கைபேசிக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கேதான் ஜோமோன் அறிமுகமானார். குமுளிப் பக்கம் நாற்றங்கால் வைத்திருப்பவர். எங்கெங்கிருந்தோ செடிகளை வரவழைத்து, விற்பனைக்கு விடுமுன் எட்டுப் பேரிடம் கொடுத்து, வீட்டில் வளர்த்துப் பார்த்து எழுதச் சொல்வார். முன்முடிவோடு எழுதிவிடக் கூடாது என்று செடியின் பெயரைச் சொல்ல மாட்டார். தொட்டியில் எண் மட்டும். வாரம் ஒருமுறை பதினாறு கட்டங்கள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். மற்றவர்கள் செடிக்காகச் சேர்ந்தார்கள். நான் படிவத்துக்காகச் சேர்ந்தேன்.

எனக்கு வந்தது சோதனைச் செடி எண் பதினான்கு. இலையே கிடையாது. நாலு பட்டையாக, விரல் தடிமனில், தொட்டால் வெல்வெட் மாதிரி பச்சைத் தண்டுகள். பக்கத்து வீட்டு மலைச்சாமி, ஏலக்காய் மண்டிக்காரர், மாடிக்கு வந்து பார்த்தார்.

"என்னண்ணே, நம்ம கள்ளிமுளையானக் கொண்டாந்து தொட்டியில வச்சிருக்கீக? ஆண்டிபட்டிக் கரட்டுல ஆடு மேய்க்கிறவுக கடிச்சுத் திங்கிறது."

"இது வேறு. வெளிநாடு."

"அப்ப வெளிநாட்டு ஆடு திங்கும்போல" என்று இறங்கிப் போனார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருந்தொற்று வந்து போனபோது என் மூக்கு வேலையை ராஜினாமா செய்துவிட்டது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, மோப்பம் மட்டும் திரும்பி வரவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி ராஜாத்தியிடம்கூட. ரசம் வைத்தால் "நல்ல வாசம்" என்பேன், வைத்தது சாம்பார் என்று பிறகு தெரியும். ஒரு கட்டம் காலியாக இருந்ததற்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன், என் முகத்தின் நடுவிலேயே ஒரு கட்டம் காலி என்று எப்படிச் சொல்வது?

அதை ஏறக்குறையக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். எங்கள் தெருவின் மேற்குக் கோடியில், என் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல், கருவாட்டுக் கடை வைத்திருந்த சவரியம்மாள். ராயப்பன்பட்டிப் பக்கத்துக்காரர். கணவர் போனபின் அந்தக் கடையை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் செடி வந்த வருடம் சித்திரையில் நெத்திலி வாங்கப் போனேன். ஒரு பொட்டலத்தை என் முன்னால் நீட்டினார். பெரிய ரசிகன்போல மூச்சை இழுத்து, "ஆகா, நல்ல சரக்கு. வாசனையே சொல்லுதே" என்றேன்.

சவரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, அது கல்லுப்பு. நெத்திலி இந்தா, இங்கன இருக்கு."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதில் விஷமம் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை மனதுக்குள் ஒரு கோப்பு திறந்து வைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ராஜாத்தி பெங்களூர் போயிருந்தாள். எண் பதினான்கில் எட்டு மொட்டுகள், ஒவ்வொன்றும் பலூன்போல உப்பியிருந்தன. முதல் மொட்டு விரிந்த காலையில் நான் கைதட்டியே விட்டேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஐந்து முனை நட்சத்திரம். தோல் நிறம், அதன்மேல் நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடுகள், ஓரமெல்லாம் மெல்லிய ரோமம். படிவத்தை எடுத்தேன். நிறம், அகலம், இதழ்களின் எண்ணிக்கை. ஒன்பதாவது கட்டம்: மணம் உண்டா, எவ்வகை? குனிந்து, நீண்ட மூச்சு இழுத்து (சாட்சிக்கு யாரும் இல்லாதபோதும் நடைமுறை முக்கியம்) எழுதினேன்: 'குறிப்பிடும்படி இல்லை.' பன்னிரண்டாவது கட்டம், பூச்சிகளின் வருகை: 'ஈக்கள் மிக ஏராளம். மகரந்தச் சேர்க்கைக்கு மிகவும் உகந்த செடி. பூவின் நடுவில் வெண்ணிறத் துகள் காணப்படுகிறது, மகரந்தமாக இருக்கலாம்.'

அது ஈ இட்ட முட்டை.

ஒரு வாரத்தில் மூன்று பூக்கள் ஒரே நேரத்தில் விரிந்து நின்றன. அன்று காலை மலைச்சாமியும் தெருக்காரர்கள் ஐந்தாறு பேரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள்.

"அண்ணே, நாத்தம் கொடலப் பிடுங்குது. எதோ செத்துக் கெடக்கு. உங்களுக்கு அடிக்கலையா?"

அந்த ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் முகத்தைச் சுளித்தேன். "நாலு நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

"எங்கயிருந்துண்ணே வருது?"

"காற்று எங்கிருந்து வருகிறது? மேற்கிலிருந்து. மேற்கே கடைசியில் என்ன இருக்கிறது?"

எல்லோரும் கருவாட்டுக் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மலைச்சாமிக்கு மட்டும் சந்தேகம். "கருவாட்டு வாடை இப்டி இருக்காதுண்ணே. இது செத்த எலி வாடையில்ல?"

"அழுகிய கருவாடு அப்படித்தான் இருக்கும்."

"ஆடிக் காத்துக்குக் கருவாடு இன்னும் காயத்தானண்ணே செய்யும்? எப்டி அழுகும்?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு அலுவலகத்தில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். காதில் விழாததுபோல் பேனாவைத் தேடினேன்.

அந்த மனு என் வாழ்நாள் சாதனை. 'பொருள்: பொதுச் சுகாதாரம் – அல்லிநகரம் – குடியிருப்புப் பகுதியில் அழுகிய உணவுப் பொருள் இருப்பு வைத்திருத்தல் – உடனடி ஆய்வும் நடவடிக்கையும் கோருதல் – தொடர்பாக.' தெருவே எழுதுவதாக, முப்பத்தொரு கையெழுத்து. நகல், கட்டட உரிமையாளருக்கு. இணைப்பாக, அளவுகோல் வைத்து நானே வரைந்த காற்றுத்திசை வரைபடம்: கருவாட்டுக் கடையில் கிளம்பும் சிவப்பு அம்பு நேராகத் தெருவுக்குள் பாய்கிறது. அந்த அம்பு என் மொட்டை மாடியைக் கடந்துதான் போகிறது என்பதை, வரைந்த கையும் கவனிக்கவில்லை, பார்த்த கண்ணும் கவனிக்கவில்லை. 'பெயர் குறிப்பிடாமல் எழுதலாமே' என்று யாரோ சொன்னார்கள். பெயர் இல்லாத மனு நிற்காது என்றேன். அது உண்மைதான். ஆனால் பெயரை எழுதும்போது என் காதில் கேட்டது கல்லுப்புச் சிரிப்பு என்பதும் உண்மை.

மூன்றாம் நாளே நகராட்சியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். சவரியம்மாள் ஒவ்வொரு கூடையாக வெளியே எடுத்து வைத்தார். "ஐயா, நீங்களே மோந்து பாருங்க. சீலா, பாறை, நெத்திலி, எல்லாம் கலகலன்னு காஞ்ச சரக்கு. இந்த நாத்தம் எனக்கும்தான் அடிக்குது. சோறு எறங்கல. எங்கயிருந்து வருதுன்னுதான் தெரியல."

அதிகாரிகள் முகர்ந்தார்கள். கூடையில் இல்லை, ஆனால் இடத்தில் இருக்கிறது. குழப்பத்தோடு நின்றார்கள். சவரியம்மாள் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார்.

"சூப்பிரண்டு ஐயா, நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க. இது என் கடை வாடையா?"

தெரு முழுவதும் என் மூக்கைப் பார்த்தது. நான் கூடைக்கு மேல் குனிந்தேன். மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை; வெறும் காற்று. நிமிர்ந்து, "இதிலிருந்துதான்" என்றேன்.

பதினைந்து நாள் கடை அடைப்பு, பிறகு மறு ஆய்வு என்று கதவில் தாள் ஒட்டினார்கள். நகல் கிடைத்த கட்டட உரிமையாளர் அன்று சாயங்காலமே வந்து, தொல்லை வேண்டாம், மாதக் கடைசியில் காலி செய்துவிடு என்று சொல்லிவிட்டார். சவரியம்மாள் சண்டை போடவில்லை. கூடைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய பெண் காலேஜ் பையோடு வந்து, ஒட்டியிருந்த தாளை முழுவதும் நின்று படித்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ராஜாத்தி வந்தாள். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தாள். மூடிய கருவாட்டுக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கயிறு கட்டி இழுத்ததுபோல நேராக என் வீட்டு மாடிப்படி ஏறினாள். ஐந்து பூக்கள் விரிந்திருந்தன. புழு நெளிந்தது.

"என்னங்க, இங்கன பொணம் கெடக்கா? எப்டி இதுக்குப் பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கிறீக?"

"குறிப்பிடும்படி மணம் எதுவும்…"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய், பெருங்காய டப்பாவைத் திறந்து, என் கண்களை மூடச் சொல்லி மூக்கடியில் பிடித்தாள்.

"என்ன இது?"

"காப்பித் தூள்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று கண்ணை மூடியிருந்ததால் தெரியவில்லை.

ஜோமோனைக் கூப்பிட்டேன். அவர் உற்சாகமாக இருந்தார். "சாரே! மத்த ஏழு பேரும் மொதல் பூ விரிஞ்ச அன்னிக்கே தூக்கி எறிஞ்சு களஞ்சு. அது அழுகின எறச்சி மாதிரி நாறி ஈயைக் கூப்பிடுற செடியாணு. வீட்டில வச்சா தாங்க முடியுமான்னு பார்க்கத்தானே சோதனையே வச்சது! சார் ஒருத்தர்தான் மணமில்லைன்னு எழுதியது. ஞான் அதிசயப்பட்டுப் போயி. உங்க தொட்டி மட்டும் தனி ரகமாக்கும்னு, அது வந்த தாய்ச்செடியில தண்டு ஒடிச்சு, மணமில்லா ரகம்னு இருபது பேருக்கு அனுப்பியாச்சு." அந்த இருபது தெருக்களைப் பற்றி நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

செடியை மலைச்சாமி குழி தோண்டிப் புதைத்தார். நான் சவரியம்மாளிடம் போனேன். மூக்கைப் பற்றி, செடியைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாக்கைக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"மூக்கு செத்தவுக எத்தனையோ பேரு இருக்காக, ஐயா. ஒருத்தரும் அடுத்தவ கடைய மூடல."

அடுத்த நாள் நகராட்சி அலுவலகத்துக்கு ஓடி, மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். இருக்கையில் இருந்த எழுத்தர் கோப்பைப் புரட்டினார்.

"சார், இது தெருவோட மனு. முப்பத்தொரு பேருல நீங்க ஒருத்தர் விலகினா மீதி முப்பது நிக்கும்."

"அவர்கள் எல்லோரும் விலகுவார்கள்."

"விலகட்டும். ஆனா ஆய்வுல நாத்தம் இருந்துச்சுன்னு பதிவாயிருச்சே. நீங்களே சாட்சி." வரைபடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ரொம்ப பக்காவா எழுதியிருக்கீக சார். எங்கனயாவது ஓட்டை இருக்கான்னு நானும் தேடுறேன், ஒண்ணும் சிக்கல. ஆமா, இந்த அம்பு உங்க வீட்டு மேலயா போகுது?"

மறு ஆய்வில் நாற்றம் இல்லை என்று எழுதித் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் கட்டட உரிமையாளர் அசையவில்லை. நான் அவர் வாசலில் மூன்று முறை போய் நின்றேன். "நீங்க எழுதுனதுதான சார்? அப்ப பொய்யா எழுதுனீகளா?" என்று மூன்று முறையும் அதையே கேட்டார். கடை காலியானது.

மாதம் பிறந்து, ஒரு நாள் காலை, சவரியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ராஜாத்தி நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்து, கொண்டு வந்த வெள்ளைத்தாள் கட்டை என் முன்னால் வைத்தார்.

"சந்தைக்குப் போற வழியில ஒரு கடை பாத்திருக்கேன். லைசென்சுக்கு மனு எழுதணும். நீங்கதான் எழுதணும். நீங்க எழுதுனா யாராலயும் அசைக்க முடியாதாம்ல. நான் அசைச்சுப் பாத்துட்டேன்."

எழுதினேன். வரிக்கு வரி நிறுத்திப் படிக்கச் சொன்னார். 'பொதுமக்களுக்கு எவ்வித இடையூறுமின்றி' என்ற இடத்தில் கையைக் காட்டினார்.

"அது யாரு சொல்றது? நீங்களா? உங்க சொல்லு வேணாம். அத அடிங்க. தெரு ஆளுக கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும். நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

அதே முப்பது வீடுகள். அதே வெயில். ஒவ்வொரு வாசலிலும் கதையை முதலிலிருந்து சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டார்கள். சில வீடுகளில் உள்ளே இருப்பவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். உரிமம் வந்துவிட்டது. கடை நடக்கிறது, பழைய இடத்தில் நடந்ததில் பாதி என்று ராஜாத்தி சொல்கிறாள். சவரியம்மாள் சொல்வதில்லை.

அதன் பிறகு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பட்டா மாறுதல், எதற்கும் மனு எழுத இன்னமும் என்னிடம்தான் வருகிறார்கள். நான் எழுதி, படித்துக் காட்டி, நீட்டுவேன். வாங்கிக்கொண்டு, "சரிண்ணே, ஒரு எட்டு சவரியம்மாகிட்டக் காட்டிட்டு வந்துர்றேன்" என்பார்கள். வீட்டிலும் அதே கதை. மளிகைச் சீட்டு எழுதினாலும் ராஜாத்தி கேட்பாள்: "சவரியம்மா பாத்தாச்சா?" பேத்திக்குப் பள்ளித் தமிழ்ப் பாடத்துக்கு மாதிரி விடுப்புக் கடிதம் ஒன்று வேண்டும், நல்ல தமிழில் நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று போன வாரம் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். எழுதிவிட்டேன் என்றதும், அங்கிருந்தும் சிரிப்போடு அதே கேள்வி.

நானும் சிரித்து வைத்தேன். சாயங்காலம் நெத்திலி வாங்கப் போகிற சாக்கில் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சவரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, இரண்டு இடத்தில் அடித்துக் கொடுத்தார்.