கட் சேட்டும் மரியாதை தெரிந்த மகாராஜாவும்

ஏற்காட்டில் கட் சேட்டு இருந்தவரை, அவருக்குப் பிடிக்காத எதுவும் முழுசாக நடந்து முடிந்தது கிடையாது. கல்யாணப் பேச்சோ, பஞ்சாயத்தோ, புருசன் பெண்டாட்டி சண்டையோ, அலுப்புத் தட்டினால் நடுவில் கையைத் தூக்கி "கட்!" என்பார். அவ்வளவுதான். சண்டை போட்டவர்களுக்கே எதற்குச் சண்டை என்பது மறந்துபோகும்.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜுக்கு நான் மேனேஜர். மாடி அறையில் சேட்டு நிரந்தர வாசி. பேசும் படம் வந்த புதிதில் பம்பாயில் இந்திப் படங்கள் டைரக்ட் செய்தாராம். பாட்டும் அவரே எழுதுவாராம். சேலத்துக்கு ஒரு படம் எடுக்க வந்தவர், முதலாளியோடு முட்டிக்கொண்டு, கோபம் தணியட்டும் என்று மலையேறினார். தணிய எட்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் குளிர் பழகிவிட்டது. எஸ்டேட் பங்களாப் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டினார்.

தமிழ் அவர் படித்தது நாகலூரில் காப்பிப்பழம் பறிக்கும் பெண்களிடம். யாரிடமும் 'ங்க' போடாமல் பேசாதவர்கள் அவர்கள். அதனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மரியாதைத் தமிழ். நாயைக்கூட "போங்க, அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். நாயும் கௌரவமாக நகர்ந்துவிடும்.

இட்லி கொண்டுபோகிற சர்வர் பட்ட பாடு தனி. "கதவத் தெறந்த ஒடனே பேசாதீங்க. நில்லுங்க. என்ற மூஞ்சியப் பாருங்க. ஒரு மூச்சு உடுங்க. அப்பறமா 'இட்லி'ன்னு சொல்லுங்க" என்பார். அந்த மூச்சை ஒழுங்காக விட்டு முடிப்பதற்குள் இட்லி கல்லாகிவிடும். ஒரு சாவு வீட்டில், ஒப்பாரி வைத்தவர்களை எழுப்பி, வெளிச்சம் விழும் பக்கமாக உட்காரவைத்தார். கொடுமையைக் கேளுங்கள், அதற்கப்புறம் ஒப்பாரி நிஜமாகவே களை கட்டியது!

இவ்வளவு செய்தும் அவரை டைரக்டர் என்று ஒருத்தரும் நம்பவில்லை. "சேட்டு டைரக்டருன்னா நான் கவர்னருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார் வெள்ளக்கடை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கூடச் சேர்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். சேட்டும் சிரிப்பார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிடுவார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சிரித்தேன், பாவி.

அப்போதுதான் ஊர் ஊராகப் படம் காட்டுகிற ஒருவர் பெட்டியோடு மலையேறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், காப்பிக்கொட்டை குடோனில் ஒரு பழைய இந்திப் படம். போஸ்டரைப் பார்த்த சேட்டு நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேனேஜரு, இது என்ற படமுங்க."

"நெசமாங்களா?"

"மொதல்ல என்ற பேரு வருமுங்க. ரெண்டு தடவ. டைரக்சனுக்கு ஒண்ணு, பாட்டுக்கு ஒண்ணு."

அப்புறம் மனுஷன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மாரமங்கலம் வரை நடந்துபோய் வீடு வீடாக அழைத்தார். "பேரு வந்ததும் எந்திரிச்சுப் போனாலும் செரிங்க, வாங்க" என்றார். பேரை இங்கிலீஷிலும் போட்டிருப்பார்களாம். ஆகவே இங்கிலீஷ் படித்த ரைட்டர் முன்வரிசையில் உட்கார்ந்து ஊருக்கே உரக்கப் படித்துச் சொல்வது என்று ஏற்பாடு.

ஞாயிறு மதியம் குடோனில் எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். ஜன்னல்களை மறைக்கப் படம் பார்க்க வந்தவர்களே கம்பளிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கினார்கள். சேட்டு கோட்டுப் போட்டு, தலை வாரி, பின்னால் நின்றார். மெஷின் ஓடியது. எடுத்த எடுப்பில் திரையில் ஒரு மகாராஜா குதிரையில் வந்தார். பேரைக் காணோம்!

"கட்!" என்று அலறினார் சேட்டு.

படக்காரர் மெஷினை நிறுத்தி, விஷயத்தைக் கேட்டு, சாவகாசமாகச் சொன்னார்: "அட, டைட்டிலுங்களா? வெறும் எழுத்தா ஓடுனா சனங்க கூச்சல் போடுதுங்க. இந்தி யாருக்குத் தெரியும்னு வெட்டி வீசிப்போட்டனுங்க."

"நான் அப்பவே சொல்லலீங்களா?" என்று ரைட்டர் திரும்பிச் சிரித்தார். சேட்டு ஒரு சாக்கு மூட்டைமேல் போய் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

படம் மறுபடி ஓடியது. பத்து நிமிஷத்தில் சத்தம் போய்விட்டது. மகாராஜா வாயை வாயை அசைக்கிறார், காற்றுகூட வரவில்லை. விசில் கிளம்பியது. மகாராஜா வாளை உருவினார். பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்:

"ஏனுங்க சேனாதிபதி, எதிரி வந்துட்டாருங்களா?"

சேட்டு எழுந்து நின்றிருந்தார்.

"வந்துட்டாருங்க மகராசா. வாசல்ல நிக்கறாருங்க. உள்ள வரச் சொல்லட்டுங்களா?"

குடோன் அதிர்ந்தது. மகாராஜா, சேனாதிபதி, இளவரசி, குதிரை, எல்லாம் சேட்டுதான். வில்லன் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க தலைய வெட்டிப்போடுவனுங்க!" என்றான். இளவரசி மாடத்தில் நின்று கீச்சுக் குரலில், "மேகமே நில்லுங்க, என்ற சேதி சொல்லுங்க" என்று பாடினாள். "அய்யோ, நம்ம ஊட்டுப் பேச்சு!" என்று நாகலூர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

ரைட்டர் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், சேட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். படத்தில் இருப்பவர்கள் வாய் திறக்கும்போது சேட்டு பேசினார், மூடும்போது நிறுத்தினார். எழுந்து என்னிடம் வந்து காதோரம் சொன்னார்: "ஒரு எடத்துலகூடத் தப்பலியேங்க மேனேஜரு. எடுத்தவருக்கல்லாம வேற யாருக்குங்க இது தெரியும்?"

நடுவில் சத்தம் சரியாகி இந்தி முழங்கியது. கூட்டத்துக்கு வந்ததே கோபம்! "அத நிறுத்துங்க, ராசா பேசறது கேக்கல!" என்று ஒரே கூச்சல். படக்காரர் பயந்துபோய்ச் சத்தத்தை மட்டும் அணைத்தார். கடைசிக் காட்சியில் சேட்டுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இளவரசி லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே உயிர்விட்டாள். அழாத ஆள் இல்லை.

லாட்ஜுக்குத் திரும்பும்போது கிசுகிசுத்த குரலில் சேட்டு சொன்னார்: "எல்லாம் நொம்ப நல்லா இருந்துச்சுங்க. பேரு மட்டும் வரலீங்களே."

ஊர் கேட்டுக்கொண்டதால் அடுத்த ஞாயிறும் அதே படம். காலையில் குடோன் வாசலில் ஒரு பலகை நின்றது. சாக்பீஸில் எழுதியது ரைட்டர். தமிழ் எழுத்து தெரியாத சேட்டு என்னை இழுத்துக்கொண்டு போனார். படத்தின் பேரைக்கூடப் போடவில்லை அந்தப் பலகையில். உரக்கப் படித்தேன்: "டைரக்சன், கட் சேட்டு. பாட்டு, கட் சேட்டு."

"ரெண்டு தடவ இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன். தூறல் போட ஆரம்பித்தது. சேட்டு குடையை விரித்துப் பலகைக்குப் பிடித்தார். கோட்டெல்லாம் நனைய, அவர் கேட்கக் கேட்க நான் படித்துக்கொண்டே இருந்தேன்.