எர்ணாவூரில் பிறந்த முறை

எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு என்று தெரிந்ததும் மொஹ்சின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

வேறு வாத்தியாராக இருந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார். மொஹ்சின் எம்.எட். மாணவன், அவனுக்கு வேண்டியது முட்டை மார்க். ஆட்டம் பாட்டத்தோடு கணக்குச் சொல்லிக் கொடுத்தால் மார்க் ஏறும் என்று நிரூபிப்பதுதான் அவனுடைய ஆய்வு. சொல்லிக் கொடுக்கும் முன் ஒரு முன்தேர்வு, சொல்லிக் கொடுத்த பின் ஒரு பின்தேர்வு. முன்தேர்விலேயே நூறு வாங்கிவிட்டால் அப்புறம் மார்க் எங்கே ஏறும், மொட்டை மாடிக்கா?

டியூஷன் நடந்ததே மொட்டை மாடியில்தான். எர்ணாவூரில் ரஹீமுன்னிசா அக்கா நடத்தும் டியூஷன். அந்த ஊருக்கு அவனை அனுப்பியவர் அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அருள்நாதன். "என் முறை பொறந்த ஊருப்பா அது" என்பார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துத்தான் அவர் அந்தக் காலத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆட்டம் பாட்டமான அந்த 'அருள்நாதன் முறை' இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் கல்லூரிச் சுவரில் தொங்குகிறது. மாலை ஒன்றுதான் பாக்கி.

"நோவே இல்லாதவனுக்கு இன்னா மருந்து குடுப்பே?" என்றார் அவர். "கேள்வியைக் கஷ்டமாக்கு. ஆனா ஒண்ணு, வெக்கிறது முன்தேர்வா பின்தேர்வான்னு அங்க ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடாதே. தெரிஞ்சா ஆராய்ச்சியே கலீஜாயிடும்."

ஆராய்ச்சி கலீஜானால் பட்டம் போகும். பட்டம் போனால் இஷ்ரத்தும் போய்விடுவாள். "எம்.எட். முடிக்காம நிக்காஹ் பேச்சே எடுக்காதே" என்று அவளுடைய அத்தா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தான். அதிலும் எல்லாருக்கும் நூறு. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு டியூஷன் நடந்ததை அவன் கவனிக்கவில்லை. கீழே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்த போதெல்லாம் விடைகள் தொட்டியைச் சுற்றிக்கொண்டு முதல் வரிசை சாராவிடம் வந்தன. சாராவிடமிருந்து கடைசி வரிசை வரை போயின. நாலு பேப்பரில் பெயர்கூட சாராதான்.

"ஏம்மா, காப்பி அடிச்சா எனக்கு எப்படிம்மா தெரியும் உங்களுக்கு இன்னா தெரியும்னு?"

"எங்களுக்கு இன்னா சார் வந்துச்சு?" என்றாள் சாரா. "நீங்க நல்லா வரணும்னுதான்."

மொஹ்சின் நெகிழ்ந்து போனான். இருந்தாலும் நிக்காஹ் நிக்காஹ்தான். பிள்ளைகளை எட்ட எட்ட உட்கார வைத்தான். "இதுக்கு மார்க்கே கிடையாது. பயப்படாம தெரிஞ்சத எழுதுங்க" என்றான்.

மார்க்கே இல்லை என்றால் எந்தப் பிள்ளை எழுதும்? அத்தனையும் வெள்ளைத் தாள். மொஹ்சின் அதையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டான். முட்டை கிடைத்துவிட்டது!

அடுத்த இரண்டு வாரம் மாடியே அதிர்ந்தது. பின்னத்துக்குப் பரோட்டாவைப் பிய்த்தான், பெருக்கலுக்குக் கானா பாடினான். குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை சண்டைக்கு வந்தார். தொண்டை கட்டிப் போன நிலையில் பின்தேர்வு வைத்தான். பழக்க தோஷம், வாய் தானாகவே "மார்க்கே கிடையாது, பயப்படாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டது.

திரும்பவும் வெள்ளைத் தாள்.

"அப்போ என் முறை தோத்துப் போச்சுன்னு எழுதப் போறியா?" என்றார் அருள்நாதன். "தாராளமா எழுது. எழுதிட்டு வேற வழிகாட்டியத் தேடிக்கோ."

அன்று சாயங்காலம் மொஹ்சின் தண்ணீர்த் தொட்டியோரம் இடிந்து போய் உட்கார்ந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஆராய்ச்சியாவது மண்ணாவது என்று ரகசியத்தை உடைத்துவிட்டான்.

"அக்கா, இத நான் சொல்லவே கூடாது. இன்னொரு வாட்டி வெக்கப் போறது பின்தேர்வுக்கா. மார்க் ஏறலன்னா என் கல்யாணம் அவ்ளோதான்."

"பின்தேர்வா?" ரஹீமுன்னிசா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ புள்ளைங்களா, பின்தேர்வாம்டி!"

"சொல்லவேல்லியே சார்!" என்று மாடி முழுக்கக் குரல் எழுந்தது.

எல்லாருக்கும் நூறு. இந்த முறை எல்லாரும் அவரவர் பெயரையே எழுதியிருந்தார்கள்.

அருள்நாதன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "என் காலத்துலயும் இதேதான்பா! மொதல்ல முட்டை, அப்புறம் நூறு!" வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் கை குலுக்கி, நாடு முழுக்க இந்த முறையைப் பரப்ப வேண்டும் என்றார். நிக்காஹ் தேதி குறித்தாயிற்று. இத்தனை பேர் பாராட்டிய பிறகு மொஹ்சினுக்கே அருள்நாதன் முறை மேல் நம்பிக்கை என்ன, ஈமானே வந்துவிட்டது. ஒரு அண்டா பிரியாணியோடு எர்ணாவூருக்கு வந்து இறங்கினான்.

"எல்லாம் முறையோட மகிமைக்கா" என்றான். "புள்ளைங்க இன்னாமா கத்துக்கினாங்க பாத்தீங்களா?"

அக்கா அண்டா மூடியைத் திறந்து முதல் தட்டைச் சாராவிடம் நீட்டினாள்.

"மொத நாளே முன்தேர்வுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே முட்டை வாங்கிக் குடுத்திருப்பாங்களே தம்பி! நான் அஞ்சாவது படிக்கசொல்ல, உங்க அருள்நாதன் சாரு எங்ககிட்ட இது முன்தேர்வு, இது பின்தேர்வுன்னு சொல்லிட்டுத்தானே ரெண்டு பரீட்சையும் வெச்சாரு!"